ஆலோசனையில் இடம்பெறாத ஒருவர்

கல்விக்கு எல்லைகள் இல்லை என்று கூறுவது வழக்கம். அது உண்மையே. ஆனால் கல்வியைத் தேடிப் புறப்படும் மனிதனுக்கு எல்லைகள் உண்டு. பெற்றோரின் வருவாய்க்கு ஓர் எல்லை உண்டு. அவர்களது உடல்நலத்திற்கு ஓர் எல்லை உண்டு. அவனுடைய திறமைக்கும் பொறுமைக்கும் எல்லை உண்டு. இவற்றோடு, கம்பி வேலியும் சோதனைச் சாவடியும் கொண்ட நாட்டின் எல்லையும் இருக்கிறது. 'பக்கத்து நாட்டில் போய்ப் படிக்கலாமா?' என்று ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ கேட்கும்போது இந்த எல்லைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் அவர்கள் முன் வந்து நிற்கின்றன.

இன்று இந்தக் கேள்வி நம் நாட்டில் மிகுதியாக எழுவது மருத்துவப் படிப்பை ஒட்டித்தான். 2024-ஆம் ஆண்டில் நீட் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 24 லட்சத்திற்கும் மேற்பட்டவர்கள். அவ்வாண்டு நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியவை. அவற்றிலும் ஏறத்தாழப் பாதி இடங்கள் தனியார் கல்லூரிகளில் உள்ளன. அங்குள்ள கட்டணம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாதது. ஆகவே, தேர்வில் தகுதி பெற்றும் இடம் கிடைக்காத பல்லாயிரம் பேரின் பார்வை வங்கதேசம், நேபாளம், சீனா போன்ற அண்டை நாடுகளின் பக்கம் திரும்புகிறது.

போகலாமா, கூடாதா? இதைக் கட்டணக் கணக்காக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. கௌரவப் பிரச்சினையாகப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் இதனுள் ஒரு தர்ம விசாரம் அடங்கியிருக்கிறது.

அக்கரையும் இக்கரையும்

மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில், பத்மா நதியை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தந்தை தொடக்கப் பள்ளி ஆசிரியர். ஓய்வு பெற இன்னும் ஆறு ஆண்டுகளே உள்ளன. மகள் இரண்டு முறை நீட் தேர்வு எழுதியிருக்கிறாள். இரண்டாம் முறை தகுதி மதிப்பெண் கிடைத்தது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. அவளுக்குப் பின் பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். குடும்பத்திற்கென்று உள்ள சொத்து, சில பிகா நெல் வயல்.

நதியின் அக்கரையில் வங்கதேசத்தின் ராஜ்ஷாஹி நகரம் இருக்கிறது. அங்கே 1958 முதல் ஒரு மருத்துவக் கல்லூரி நடந்து வருகிறது. அந்நாட்டின் வேறு பல நகரங்களிலும் அயல்நாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் உள்ளன. பேசும் மொழி ஒன்று. உண்ணும் சோறும் மீனும் ஒன்று. அவளுடைய பாட்டி பிறந்ததே அக்கரையில்தான். 1947-இல் நாடு பிரிந்தபோது கைக்குழந்தையாக இக்கரைக்குக் கொண்டுவரப்பட்டவள் அவள். பாட்டிக்குப் பிறந்த மண்ணாக இருக்கும் ஊர், பேத்திக்குக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டிய அயல்நாடாக இருக்கிறது.

வீட்டில் ஆலோசனை நடக்கிறது. வயலை விற்றுவிடலாம் என்கிறார் தந்தை. பெண்ணைத் தனியே அனுப்புவதா என்று தாய் அஞ்சுகிறாள். 'இன்னும் ஒரு வருடம் படித்து இங்கேயே எழுதட்டும்' என்கிறார் மாமா. இடத்தை இந்த வாரமே உறுதி செய்துகொள்ளாவிட்டால் கைநழுவிவிடும் என்று முகவர் தொலைபேசியில் அவசரப்படுத்துகிறார். மகள் அழுகிறாள். ஒவ்வொருவர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் எதை அளவுகோலாகக் கொள்வது?

சரகர் தரும் அளவுகோல்

மருத்துவம் கற்க விரும்புபவன் எவ்வாறு முடிவெடுக்க வேண்டும் என்பதை நம் தொன்மையான மருத்துவ நூலே விரிவாகப் பேசுகிறது. சரக சம்ஹிதையின் விமான ஸ்தானம் எட்டாம் அத்தியாயத்தில் இந்தச் சிந்தனை உள்ளது. மருத்துவனாக விரும்பும் அறிவாளி முதலில் தன்னைச் சார்ந்த சில விஷயங்களைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்கிறது அது. மேற்கொள்ளும் காரியம் தனக்குக் கனமானதா, இலகுவானதா? அதன் பலன் என்ன? பலனைத் தொடர்ந்து பின்னால் வரும் விளைவு, அதாவது அநுபந்தம் என்ன? தேசம் எது? காலம் எது? இவற்றை அறிந்த பிறகே அவன் கற்கவேண்டிய நூலை ஆராய வேண்டும். அதன் பின்னர் ஆசிரியரை ஆராய வேண்டும். ஆசிரியரும் மாணவனை ஆராய்ந்த பின்னரே ஏற்க வேண்டும்.

இந்த வரிசை கவனிக்கத்தக்கது. இன்றைய குடும்பங்களில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. முதலில் கல்லூரி தேர்ந்தெடுக்கப்படுகிறது. பிறகு பணம் திரட்டப்படுகிறது. 'இந்தப் படிப்பு இவளுக்கு உரியதுதானா?' என்ற கேள்வி எழுவதற்குள் விமானச் சீட்டு வாங்கியாகிவிடுகிறது.

சரகரின் ஐந்து கேள்விகளையும் இன்றைய நிலைக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

முதலாவது, காரியத்தின் கனம். வங்கதேசத்தில் எம்.பி.பி.எஸ். என்பது ஐந்து ஆண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் கொண்டது. அத்துடன் முடிவதில்லை. இந்தியா திரும்பியதும் அயல்நாட்டுப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும். அதற்குமேல் இங்கே ஓராண்டுப் பயிற்சியும் பெற வேண்டும். எல்லாம் தடையின்றி நடந்தாலும் ஏழு ஆண்டுகளுக்குக் குறையாது. பதினெட்டு வயதில் புறப்படும் பெண் தன் இளமையின் பெரும்பகுதியை இதில் வைக்கிறாள். அவள் விரும்புவது மருத்துவத்தையா, மருத்துவர் என்ற பெயரையா என்பதை அவளைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, பலன். மேற்கூறிய தகுதித் தேர்வு 2002-இல் கொண்டுவரப்பட்டது. 300 கேள்விகள், 150 மதிப்பெண் பெற்றால் வெற்றி. அண்மை ஆண்டுகளில் நடந்த பெரும்பாலான தேர்வுகளில், எழுதியவர்களுள் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. பட்டம் கையில் இருந்தும் நோயாளியைத் தொட உரிமை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்வது அச்சுறுத்துவதற்காக அன்று. கனியைக் கண்டு மரம் ஏறுபவன் கிளையின் வலிமையையும் பார்க்க வேண்டும் அல்லவா?

மூன்றாவது, அநுபந்தம். வயல் விற்கப்பட்டால் தம்பியின் படிப்பு என்னாகும்? ஆறு ஆண்டுகளில் ஓய்வு பெறும் தந்தையின் முதுமை என்னாகும்? இங்கே ஒரு நுட்பமான தர்மப் பிரச்சினை இருக்கிறது. பெற்றோரின் தியாகத்தை ஏற்பது பிள்ளைக்குத் தகுமா? ஏற்பது தவறில்லை. பெற்றோரும் கொடுப்பதில் மகிழ்ச்சியே அடைகிறார்கள். ஆனால் தியாகம் தியாகமாக இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. செய்பவர் முழு உண்மையையும் அறிந்து செய்ய வேண்டும். கட்டணத்தில் பாதியை மட்டும் சொல்லி, தேர்வு முடிவுகளை மறைத்து, 'அங்கே எல்லாம் எளிது' என்று நம்பவைத்துப் பெறப்படும் பணம் தியாகத்தின் பயன் ஆகாது. அது ஏமாற்றத்தின் பயன். அதேபோல், வயலை விற்றுக் கொடுத்த தந்தை அதை ஒவ்வொரு நாளும் நினைவுபடுத்திக் கொண்டிருந்தால், அவர் கொடுத்தது கொடையாக இருக்காது, கடனாகிவிடும்.

நான்காவது, தேசம். மருத்துவம் நோயாளியின் படுக்கையருகே நின்று கற்கவேண்டிய கல்வி. எந்த நாடு என்பதைவிட, அங்குள்ள மருத்துவமனைக்கு நோயாளிகள் வருகிறார்களா, அவர்களோடு மாணவர் பேச முடியுமா என்பதே முக்கியம். முர்ஷிதாபாத் பெண்ணுக்கு வங்கதேசத்தில் மொழித் தடை இல்லை. காய்ச்சலோடு வரும் விவசாயி தன் வேதனையைச் சொல்லும் சொற்களை அவள் குழந்தைப் பருவம் முதல் கேட்டிருக்கிறாள். காஷ்மீரத்திலிருந்து அதே நாட்டிற்குச் சென்று பயில்பவர்களும் பலர். அவர்கள் வங்கமொழியைப் புதிதாகக் கற்றாக வேண்டும். சீனாவில் வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம். நோயாளி சீன மொழியில்தான் முனகுவார். அந்த மொழியை உண்மையாகக் கற்கும் மனமில்லாதவர் அங்கே மருத்துவத்தின் பாதியைத்தான் கற்கிறார்.

ஐந்தாவது, காலம். 2020-இல் பெருந்தொற்று பரவியபோது சீனாவில் பயின்ற 23,000-க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்களின் கல்வி தடைப்பட்டது. விடுமுறைக்கு வந்தவர்கள் திரும்பிச் செல்ல இயலவில்லை. 2022 ஆகஸ்டில்தான் அவர்களுக்கு மீண்டும் விசா வழங்கும் பணி தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் கைப்பேசித் திரையில் மருத்துவம் படித்தனர். இணையவழியில் மட்டும் பெற்ற மருத்துவக் கல்வியை ஏற்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 பிப்ரவரியில் தெளிவாக அறிவித்தது. 2024 ஜூலையில் வங்கதேசத்தில் மாணவர் போராட்டம் வெடித்தபோது அங்கே ஏறத்தாழ 9,000 இந்திய மாணவர்கள் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அகௌரா, பேனாபோல் போன்ற எல்லைச் சாவடிகள் வழியாகவும் விமானங்களிலும் அந்த மாதமே தாயகம் திரும்பினர். ஆகஸ்ட் 5-ஆம் நாள் அந்நாட்டின் ஆட்சியே மாறியது. பதினெட்டு வயதில் முடிவெடுத்த எந்த மாணவரும் இவற்றை முன்கூட்டியே கண்டிருக்க முடியாது.

பலன் நம் கையில் இல்லை என்பது கீதையின் போதனை. ஆனால் அந்தப் போதனை ஆராயாமல் குதிப்பதற்கு அனுமதி தருவதில்லை. நம் கையில் உள்ளதை முழுக் கவனத்தோடு செய்தவன்தான் கையில் இல்லாததைப் பற்றிக் கலங்காமல் இருக்க முடியும். விசாரிக்காமல் சென்றுவிட்டு, இடர் வந்ததும் விதியின்மேல் பழிபோடுவது பற்றின்மை ஆகாது. அது சோம்பலின் மறுபெயர்.

யாரிடம் கேட்பது?

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ழான் பால் சார்த்தர் 1945-இல் பாரிஸில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில் தம் மாணவன் ஒருவனைப் பற்றிக் கூறினார். போர்க்காலம், அவனுடைய அண்ணன் போரில் கொல்லப்பட்டிருந்தான். அந்த இளைஞன் கடல் கடந்து அண்டை நாடான இங்கிலாந்துக்குச் சென்று விடுதலைப் படையில் சேரலாம். அல்லது அவனையே நம்பியிருந்த தாயோடு தங்கலாம். எந்தச் சாஸ்திரமும் அவனுக்கு நேரான விடை தரவில்லை. 'நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்தெடு' என்ற கருத்தையே சார்த்தர் அவனுக்குத் தந்தார்.

அந்த விடை பலருக்குக் கடுமையாகப் படும். ஆனால் அதை ஒட்டி அவர் கூறிய ஒரு கருத்து ஆழமானது. ஒருவன் ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போதே, எந்த ஆலோசனை கிடைக்கும் என்பதை ஓரளவு அறிந்துதான் தேர்ந்தெடுக்கிறான். ஆகவே ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பதும் அவனது முடிவின் ஒரு பகுதியே.

மாணவர் சேர்க்கைக்குத் தரகு பெறும் முகவரிடம் போய், 'என் மகள் போகலாமா?' என்று கேட்கும் தந்தை, கேட்பதற்கு முன்பே விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டார். எதிலும் அஞ்சும் உறவினரிடம் போய்க் கேட்பவரும் அப்படித்தான். விடை முன்கூட்டியே தெரியாத இடத்தில் கேட்பதே உண்மையான விசாரணை. அக்கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கும் மாணவி, அங்கே பயின்று திரும்பித் தகுதித் தேர்வில் வென்றவர், அதே தேர்வில் மும்முறை தோற்றவர் ஆகிய மூவரிடமும் பேசிய குடும்பமே கேட்க வேண்டியதைக் கேட்ட குடும்பம். மூன்றாமவரிடம் பேச யாரும் விரும்புவதில்லை. ஆனால் அவரிடம்தான் மிகுதியாகக் கற்க முடியும்.

எழுத்தில் உள்ள விதிகளையும் நேரடியாகப் படிக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டின் விதித்திருத்தம், அயல்நாட்டில் மருத்துவம் படிக்க விரும்புபவருக்கும் நீட் தகுதியைக் கட்டாயமாக்கியது. 2021 நவம்பர் 18 அன்று வெளியான விதிகள் மேலும் பல நிபந்தனைகளைக் கூறுகின்றன. படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக் கூடாது. அதன் பின் 12 மாதப் பயிற்சியை அதே கல்வி நிறுவனத்தில் முடிக்க வேண்டும். பயிற்றுமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் அனைத்தையும் நிறைவு செய்ய வேண்டும். பட்டம் பெற்ற நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு பெறும் தகுதியும் இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் இங்கே மருத்துவம் பார்க்கும் உரிமை கிடைக்காது. யாருடைய வாய்ச்சொல்லும் இந்த விதிகளுக்கு மாற்று ஆகாது.

வெட்கமும் விவேகமும்

ஆராய்ச்சி முடிந்த பிறகும் ஒரு தடை உள்ளத்தில் எஞ்சியிருக்கும். அது வெட்கம். 'இங்கே இடம் கிடைக்காததால் அங்கே போனாள்' என்று ஊரார் பேசுவார்களே என்பது ஒரு வெட்கம். 'தோழிகள் எல்லாம் டாக்டருக்குப் படிக்கிறார்கள். நான் மட்டும் வேறு படிப்பதா?' என்பது இன்னொரு வெட்கம். முதலாவது போகவேண்டியவரைத் தடுக்கிறது. இரண்டாவது போக வேண்டாதவரைத் துரத்துகிறது.

பிருஹதாரண்யக உபநிஷதத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. சுவேதகேது கல்வி கற்று முடித்த இளைஞன். அவன் பாஞ்சால நாட்டு அவைக்குச் செல்கிறான். அங்கே பிரவாஹண ஜைவலி என்ற அரசன் அவனிடம் ஐந்து கேள்விகள் கேட்கிறான். ஒன்றுக்கும் அவனுக்கு விடை தெரியவில்லை. அவமானம் தாங்காமல் வீடு திரும்பி, 'எல்லாம் கற்பித்துவிட்டதாகச் சொன்னீர்களே!' என்று தந்தையிடம் முறையிடுகிறான். தமக்குத் தெரிந்ததையெல்லாம் கற்பித்துவிட்டதாகவும், இருவருமே அந்த அரசனிடம் மாணவர்களாகச் செல்லலாம் என்றும் தந்தை கூறுகிறார். மகன் மறுத்துவிடுகிறான். தந்தை மட்டும் தனியே செல்கிறார். முதிர்ந்த வயதில், தம்மைவிட இளையவனாகவும் இருக்கக்கூடிய ஓர் அரசனிடம் மாணவராக நிற்கிறார். செல்வம் எதையாவது கேட்கும்படி அரசன் சொன்னபோது, பொன்னும் பசுவும் குதிரையும் தம்மிடம் போதுமான அளவு இருப்பதாகச் சொல்லிவிட்டு, மகனிடம் கேட்ட கேள்விகளுக்கான விடையை மட்டுமே கேட்கிறார்.

அறியாமை இருவருக்கும் பொதுவானது. மகனை அது வெட்கத்தில் ஆழ்த்தியது. தந்தையை அது வழியில் இறக்கியது. அயல்நாட்டுக் கல்லூரியின் வாயிலில் நிற்கும் மாணவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: ஒன்றைக் கற்பதற்காக இங்கு வந்திருக்கிறேனா, ஒன்றை மறைப்பதற்காக வந்திருக்கிறேனா?

ஓர் எதிர்வாதமும் உண்டு. 'இங்கே இடம் பெறும் அளவுக்கு மதிப்பெண் பெறாதவர் மருத்துவராவதே தவறு. பணம் கொடுத்துப் பின்வாசல் வழியாக நுழைவதற்குப் பெயர்தான் அயல்நாட்டுப் படிப்பு' என்று சிலர் கூறுகின்றனர். இதை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. பணம் உள்ளவருக்குத் திறக்கும் கதவு, அதே மதிப்பெண் பெற்ற ஏழைக்குத் திறப்பதில்லை என்பது உண்மை. அந்த அநீதியை அயல்நாடு செல்பவர் நினைவில் வைத்திருப்பது நல்லது. ஆனால் நுழைவுத் தேர்வின் தரவரிசை என்பது குறைவான இடங்களைப் பங்கிடுவதற்கான ஒரு முறை மட்டுமே. இடங்கள் இரு மடங்கானால் இன்று தகுதியற்றவராகக் கருதப்படுபவர் நாளை தகுதியுடையவராகிவிடுவார். அவருடைய அறிவு ஒரே இரவில் வளர்ந்துவிடவில்லை. பின்வாசலா, நேர்வாசலா என்பதை நுழைந்த வழி தீர்மானிப்பதில்லை. நுழைந்தபின் ஆறு ஆண்டுகள் என்ன செய்கிறார் என்பதே தீர்மானிக்கிறது.

சென்றவர்களும் திரும்பியவர்களும்

கல்விக்காக அண்டை நாடு செல்வது இந்தியாவுக்குப் புதிதன்று. வங்கத்தின் விக்கிரமபுரத்தில் 982-இல் பிறந்தவர் அதீச தீபங்கரர். அந்த ஊர் இன்று வங்கதேசத்தில் உள்ளது. ஏற்கெனவே பெரும் பண்டிதராக விளங்கிய அவர், வணிகர்களோடு கப்பலேறிச் சுவர்ணத்வீபத்திற்குச் சென்றார். இன்றைய சுமத்ரா தீவே அது என்று கருதப்படுகிறது. அங்கே தர்மகீர்த்தி என்ற ஆசாரியரிடம் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்றதாக மரபு கூறுகிறது. பௌத்தம் பிறந்த நாட்டிலிருந்து ஒருவர் கடல் கடந்து போய் பௌத்தம் கற்றார். நாளந்தாவும் விக்கிரமசீலமும் தம் நாட்டிலேயே இருக்கின்றன என்ற பெருமிதம் அவரைத் தடுக்கவில்லை. தாம் தேடிய உபதேசம் யாரிடம் இருந்ததோ அவரிடம் போனார்.

எதிர்த்திசையில் வந்தவர் யுவான் சுவாங். அவர் ஏழாம் நூற்றாண்டில் அயல்நாட்டுப் பயணத் தடையையும் மீறிச் சீனாவிலிருந்து புறப்பட்டார். பாலைவனத்தையும் பனிமலையையும் கடந்து வந்து, நாளந்தாவில் சீலபத்திரரிடம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பயின்றார். நாளந்தாவின் துறவியர் அவரை அங்கேயே தங்கிவிடும்படி வேண்டினர். புத்தர் பிறந்த நாட்டைவிட்டுப் போவானேன் என்பது அவர்களுடைய கேள்வி. கற்றதைத் தம் நாட்டவருக்குக் கொண்டுசேர்ப்பதற்கே வந்ததாகக் கூறி அவர் விடைபெற்றார். 645-இல் 657 நூல்களோடு சீனத் தலைநகரை அடைந்தார். 664-இல் உயிர் பிரியும் காலம் வரை அவற்றை மொழிபெயர்ப்பதிலேயே ஈடுபட்டார்.

திபெத்தின் மேற்குப் பகுதியை ஆண்ட யேஷே ஓ என்ற அரசர், 21 இளைஞர்களைச் சமஸ்கிருதம் கற்பதற்காகக் காஷ்மீரத்திற்கு அனுப்பினார் என்றும், வெப்பத்தாலும் நோயாலும் 19 பேர் மாண்டனர் என்றும், இருவரே திரும்பினர் என்றும் மரபுச் செய்தி கூறுகிறது. திரும்பிய இருவருள் ஒருவரான ரின்சென் சாங்போ பெரும் மொழிபெயர்ப்பாளராக விளங்கினார். திரும்பாத 19 பேரின் முடிவு தவறான முடிவு என்று எவரும் சொல்ல மாட்டார்கள். தக்க நோக்கத்தோடும் தக்க ஆராய்ச்சியோடும் எடுக்கப்பட்ட முடிவு, தோல்வியில் முடிந்தாலும் தவறாகிவிடுவதில்லை.

இவர்கள் எல்லோரிடமும் பொதுவாகக் காணப்படுவது ஒன்று உண்டு. தம்மிடம் இல்லாதது எது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அதை யாருக்காகப் பெறப் போகிறோம் என்பதையும் அறிந்திருந்தனர். முதலாவது அறிவு பணிவைத் தந்தது. இரண்டாவது அறிவு, எத்தனை இடர் வந்தாலும் அழியாத உறுதியைத் தந்தது.

அழைக்கப்படாத ஒருவர்

முர்ஷிதாபாத் வீட்டின் ஆலோசனையில் தந்தை இருந்தார், தாய் இருந்தாள், மாமா இருந்தார், தொலைபேசி வழியே முகவரும் இருந்தார். ஒருவர் மட்டும் இல்லை. இன்னும் எட்டு ஆண்டுகள் கழித்து, ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், இரவு இரண்டு மணிக்கு, மூச்சுத் திணறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் முன் வந்து நிற்கப்போகும் தாய்தான் அந்த ஒருவர்.

அந்தத் தாய்க்கு மருத்துவர் எந்த நாட்டில் படித்தார் என்பது தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்கு நேரமும் இல்லை. எத்தனை பிகா நிலம் விற்கப்பட்டது என்பதும் அவளுக்குத் தேவையில்லை. தன் குழந்தைக்கு என்ன செய்யவேண்டும் என்பது எதிரே நிற்பவருக்குத் தெரியுமா என்பது ஒன்றே அவளது கேள்வி. அவள் வாயால் கேட்பதில்லை. நம்பி வந்து நிற்பதன் மூலம் கேட்கிறாள்.

இந்த முடிவில் மிகுந்த பங்கு அவளுக்கே உண்டு. ஆயினும் அவளை யாரும் கலந்துகொள்வதில்லை. அவளை ஆலோசனையில் அமர்த்திப் பார்த்தால் பல குழப்பங்கள் தாமே தெளிகின்றன. கட்டணம் எங்கே குறைவு என்ற கேள்வியின் இடத்தில், எங்கே நோயாளிகளோடு பழகிக் கற்க முடியும் என்ற கேள்வி வருகிறது. எது எளிதாகத் தேர்ச்சி தரும் கல்லூரி என்ற தேடல் நின்று, எந்த ஆசிரியர் கண்டிப்பாகக் கற்பிப்பார் என்ற தேடல் தொடங்குகிறது. சரகரும் ஆசிரியருக்குரிய இலக்கணத்தைக் கூறும்போது நூலறிவோடு நிறுத்திவிடவில்லை. சிகிச்சை முறைகளை நேரில் கண்டவராகவும், திறமை உடையவராகவும், தேவையான கருவிகளைப் பெற்றவராகவும் அவர் இருக்க வேண்டும் என்கிறார். அதே அத்தியாயத்தில் மாணவன் ஏற்கவேண்டிய உறுதிமொழியும் வருகிறது. நோயாளியின் நலத்திற்காக முழு மனத்தோடு முயல வேண்டும். தன் உயிருக்கே கேடு வருவதாக இருந்தாலும் நோயாளிக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது அதன் சாரம். படிப்பு முடிந்த பிறகு ஏற்கும் உறுதிமொழி அன்று அது. படிப்பைத் தொடங்கும்போதே ஏற்கவேண்டியது.

சிரேயஸ், பிரேயஸ் என்று கட உபநிஷதம் இரண்டு வழிகளைப் பிரித்துக் காட்டுகிறது. நன்மை தருவது ஒன்று. இனிமை தருவது மற்றொன்று. அயல்நாடு செல்வது சிரேயஸ், இங்கேயே இருப்பது பிரேயஸ் என்றோ, இதற்கு மாறாகவோ யாரும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஒருவர் எல்லை கடப்பது சிரேயஸாக இருக்கலாம். அவர் அருகில் அமர்ந்து அதே பேருந்தில் செல்பவருக்கு அதுவே பிரேயஸாக இருக்கலாம். பிரிப்பது நாட்டின் எல்லைக்கோடு அன்று. உள்ளத்தில் ஓடும் கோடு.

இங்கேயே இருப்பதும் ஒரு முடிவு

இவ்வளவும் ஆராய்ந்த பின் 'போக வேண்டாம்' என்று தோன்றினால் அதையும் துணிவோடு ஏற்க வேண்டும். பல குடும்பங்கள் போவதை மட்டுமே முடிவு என்று நினைக்கின்றன. இருந்துவிடுவதைத் தோல்வி என்று நினைக்கின்றன. இது பெரும் பிழை. நோயாளியின் படுக்கையருகே நிற்பவர் மருத்துவர் ஒருவர் மட்டும் அல்லர். செவிலியர் இருக்கிறார், இயன்முறை மருத்துவர் இருக்கிறார், குருதியைச் சோதித்து உண்மையைக் கண்டறிபவர் இருக்கிறார். நோயுற்றவருக்குத் துணைநிற்க வேண்டும் என்பதே உண்மையான விருப்பமாக இருந்தால், அதற்கு இட்டுச்செல்லும் வழிகள் பல. இந்த வழிகள் எவையும் உள்ளத்திற்கு உகந்தவையாகத் தோன்றாமல், 'டாக்டர்' என்ற சொல் ஒன்றுதான் வேண்டும் என்றால், அந்த உண்மை வயலை விற்பதற்கு முன்பு வெளிப்பட்டது நல்லதுதான்.

போவதென்று முடிவு செய்பவரும் அரைமனத்தோடு போகலாகாது. இடையிடையே திரும்பிப் பார்த்துக்கொண்டு, 'இது என் நாடு அன்று. எப்படியோ ஆறு ஆண்டுகள் ஓடினால் போதும்' என்று அறையில் அடைந்து கிடப்பவர், சென்ற நாட்டையும் பெறுவதில்லை. தம் நாட்டுக்கும் எதையும் கொண்டுவருவதில்லை. அங்குள்ள ஏழை நோயாளியும் நோயாளியே. அவரது படுக்கையருகே கற்ற கல்விக்கு அவருக்கும் ஒரு கடன் இருக்கிறது. அதை அங்கே இருக்கும் நாட்களில் அன்பான சொல்லாலும், இங்கே திரும்பிய பின் கவனமான சிகிச்சையாலும் தீர்க்க வேண்டும்.

முடிவெடுக்கும் நாள் ஒன்றுதான். அந்த முடிவைத் தகுதியுடையதாக்கும் நாட்களோ ஆயிரக்கணக்கானவை. உடற்கூறு நூலை நள்ளிரவில் மீண்டும் ஒருமுறை புரட்டும் நாளும், வார்டில் யாரும் கவனிக்காத முதியவரிடம் நின்று பேசும் நாளும், தெரியாததைத் தெரியாது என்று ஆசிரியரிடம் ஒப்புக்கொள்ளும் நாளும் அவற்றுள் அடங்கும். இந்த நாட்களை நேர்மையாக வாழ்பவருக்கு, எந்த நாட்டின் கல்லூரியும் தாழ்ந்ததாகிவிடாது. வாழாதவருக்கு, வீட்டுவாசலில் உள்ள கல்லூரியும் உதவாது. ஆகவே, புறப்படும் முன் பெட்டியில் எதை எடுத்து வைத்தோம், எதை மறந்தோம் என்று சரிபார்க்கும் மாணவர், இன்னொன்றையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்: எவருக்காகக் கற்கப் போகிறோமோ, அவருடைய முகம் மனத்தில் இருக்கிறதா?